நான் திட்டிய வெயில்

என் மாமியார் குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பும் குரல் செய்திகள் பிஸ்மியில் தொடங்கி மூச்சிரைப்பில் முடியும். அன்றைக்கு வந்ததும் அப்படித்தான்.

"மாப்பிள்ளை படம் பேப்பர்ல வந்திருக்கு. மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய படம்! எல்லாரும் மாப்பிள்ளைக்கு துஆ செய்யுங்க. கண்ணு பட்டுரக் கூடாது."

டெக்சாஸில், எங்கள் ஃபிரிஸ்கோவில் ஹலால் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இதைக் கேட்டேன். பின் சீட்டில் ஆட்டுக்கறிப் பை இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முந்தின வாரம்தான் என் கம்பெனி தனக்குள் சுற்றுக்கு விடும் பத்திரிகையில் என் படம் வந்திருந்தது. விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காக ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்திருந்தார்கள். நான்கு பேர் நிற்கும் படத்தில் நான் ஓரத்தில் நின்றேன், ஒரு தோள் வெட்டுப்பட்டிருந்தது. என் மனைவி அதைக் குழுவில் போட்டிருந்தாள். மாமியார் இப்போதுதான் பார்த்திருக்கிறார் போலும் என்று நினைத்து, கொஞ்சமும் யோசிக்காமல் பதில் தட்டினேன்: "ஜஸாக்கல்லாஹ் ஹைர் மாமி. எல்லாம் உங்க துஆ பரக்கத்து."

அடுத்து என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஒரு படத்தைப் போட்டாள். அரபிப் பத்திரிகையின் அரைப் பக்கம். பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோலார் பேனல்கள். அவற்றுக்கு முன்னால் வெள்ளை அங்கி போட்ட பெரிய மனிதர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியோடு கையை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான் அவள் புருஷன், என் சகலை.

யாரோ ஒரு சின்னப் பயல் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டான். அழித்த அடையாளம் சிரிப்பைவிட மோசம். என் பதிலை நானும் அழித்திருக்கலாம், ஆனால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டதற்கான நீலக் குறிகள் வந்துவிட்டன. கடைசியில் மாமியாரே இரங்கி இன்னொரு குரல் அனுப்பினார்: "ரெண்டு மாப்பிள்ளைக்கும் சேத்துத்தான் சொன்னேன்." அதில்தான் என் மானம் முழுசாகப் போயிற்று.

அதே வாரத்தில் என் மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலை வந்திருந்தது. எங்களுக்கு ஒரே பெண். இங்கே பிறந்தவள், இங்கேயே இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள். ஒரு வேலை ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில். அதற்கு நான் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இன்னொன்று வளைகுடாவில், சகலை இருக்கிற அதே எண்ணெய் நாட்டில், சோலார் வேலை. அவள் இரண்டுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் ஹூஸ்டனுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு பிரார்த்தனையே கிடையாது.

மாப்பிள்ளை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. கடற்கரையோரம் இருக்கிற எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். அதனால் எங்களுக்கு மாப்பிள்ளை என்பது கல்யாணத்தன்று மாலை போடும்வரை இருக்கிற பட்டம் இல்லை, ஆயுள் முழுக்க வகிக்கிற பதவி. மூத்த மருமகனை வெறும் மாப்பிள்ளை என்பார்கள். அடைமொழி கிடையாது. "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா", "மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று வீட்டில் குரல் கேட்டால் அது நான்தான். எனக்குப் பல வருஷம் கழித்து வந்தவன் சின்ன மாப்பிள்ளை. நான் வளைகுடாவை விட்டு டெக்சாஸுக்கு வந்தபிறகும் அந்தச் சொல் ஊரில் எனக்காகக் காத்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்ததில், கொஞ்ச காலமாகவே நான் அங்கே அமெரிக்கா மாப்பிள்ளையாம். வெறும் மாப்பிள்ளை இப்போது அவன்.

"பேர்ல என்ன இருக்கு? அவர் வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்குப் போறாரு. வாய்க்கு வர்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க," என்றாள் என் மனைவி. அவளுக்கு எப்படிப் புரியும்? அவளை அந்த வீட்டில் பிறந்த நாளிலிருந்து ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

சகலையை நான் முதலில் பார்த்தது அவன் கல்யாண விருந்தில். எங்கள் பக்கம் சஹனில் சாப்பிடுவோம். பெரிய வட்டத் தட்டு, நடுவில் சோறு, அதன்மேல் கறி, தட்டைச் சுற்றி ஆட்கள். அவரவர் தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற நல்ல துண்டை யார் எடுப்பது என்பதில் ஒரு பெரிய நாகரிகமே அடங்கியிருக்கிறது. என்னையும் புது மாப்பிள்ளையையும் ஒரே சஹனில் உட்கார வைத்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். எலக்ட்ரிகல் படித்துவிட்டு, நான் முன்பு இருந்த அதே நாட்டில் ஒரு சோலார் கம்பெனியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தேன். "தோண்டுன இடமெல்லாம் எண்ணெய் ஊத்துற நாடு அது. அங்க போயி வெயிலை யாருக்கு விக்கப் போறீங்க தம்பி?" என்றேன். பக்கத்துச் சஹன்களிலும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நடுவில் இருந்த நெஞ்செலும்புத் துண்டை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளினான். "சாப்பிடுங்க காக்கா," என்றான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். நான் சாப்பிட்டேன். அந்தக் கறியின் ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

நான் மட் இன்ஜினியர். பூமியைத் துளைத்து எண்ணெய்க்குப் போகும்போது குழிக்குள் ஒரு சேற்றை விடாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சேற்றின் கனமும் பிசுபிசுப்பும் சரியாக இல்லாவிட்டால் குழி இடியும், சமயத்தில் அடியிலிருந்து எல்லாம் சீறிக்கொண்டு மேலே வரும். சேற்றைப் பதம் பார்த்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். "நாலு வருஷம் காலேஜுக்குப் போயி சேறு குழைக்கக் கத்துட்டு வந்திருக்காரு," என்று என் மாமனார் பெருமையாகவே சொல்வார். கல்யாணமான புதிதில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அந்தப் பாலைவனத்து முகாமில் வருஷக்கணக்காகக் கிடந்தேன். இரும்புக் கைப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அதிலேயே நின்றுவிடும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேபினுக்கும் துளை போடும் ரிக்குக்கும் நடப்பதற்குள் துண்டு காய்ந்து விறைத்துவிடும். அந்த வெயிலை நான் திட்டாத திட்டு இல்லை. தமிழில் தீர்ந்து போய் மலையாளத்தில் கற்றுக்கொண்டு திட்டினேன்.

இப்போது புரிகிறதா? நான் தினமும் சபித்த அதே வெயிலை அவன் அதே மணலில் நின்று அறுவடை செய்துகொண்டிருக்கிறான். காலடியில் ஐயாயிரம் அடி, பத்தாயிரம் அடி என்று நாங்கள் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, விஷயம் தலைக்கு மேலேயே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த நாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஏசிக்கும், கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குவதற்கும் தங்கள் எண்ணெயையே எரித்துக்கொண்டிருந்தவர்கள், அதை வெயிலுக்கு மாற்றினால் மிச்சமாகும் எண்ணெயை வெளியே விற்கலாமே என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். இதை எனக்கு விளக்கியதும் அவன்தான், ஒரு வீடியோ அழைப்பில். எண்ணெயைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறான்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்… ம்…" என்று கேட்டேன்.

பேப்பரில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பின்னால் ஒரு குன்று. உச்சி தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் சரிந்த குன்று. எங்கள் முகாமிலிருந்து தினமும் நான் பார்த்த குன்று அது. அவன் நின்றுகொண்டிருந்தது என் இடத்தில்.

இந்தக் கோபத்தில் சில காரியங்கள் செய்தேன். எங்கள் தெருவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கூரை முழுக்க பேனல் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் போடலாம் என்று மனைவி சொன்னபோது ஆலங்கட்டி மழை, காப்பீடு, அசோசியேஷன் அனுமதி என்று வாயில் வந்த காரணமெல்லாம் சொன்னேன். "உங்களுக்கு அவர் மேல கோபம். அதைக் கூரை மேல ஏன் காட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆனால் கூரையையும் மாமியாரையும் அவனுக்கே விட்டுக் கொடுத்திருப்பேன். மகள் விஷயத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாலை மாடியிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏறிப் போனால் லேப்டாப்பில் சகலை. சூரியனோடு சேர்ந்து திரும்பும் பேனல்களைப் பற்றியும், தண்ணீரே இல்லாமல் இரவில் தூசி துடைத்துக்கொண்டு போகும் இயந்திரங்களைப் பற்றியும் அவன் சொல்ல, அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "சாச்சா, தட்ஸ் ஸோ கூல்!" சாச்சா என்றால் சித்தப்பா. இத்தனை வருஷத்தில் என் சேற்றைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை, "இஸ் இட் லைக் பான்கேக் பேட்டர்?" என்று கேட்டாள். அதோடு சரி. கதவருகில் நின்று, என்னிடம் அவள் ஒரு நாளும் காட்டாத அந்த ஆர்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் அவன் இன்டர்நெட் அறுந்து போகக்கூடாதா என்றிருந்தது.

அறுந்து போகவில்லை. அதற்கு மேலே, ஆளே நேரில் வந்து சேர்ந்தான்.

அவன் கம்பெனி மேற்கு டெக்சாஸில் ஒரு சோலார் பண்ணையில் பங்கு வாங்கியிருந்ததாம். எண்ணெய் விற்ற காசில் வந்து எங்கள் டெக்சாஸ் வெயிலை வாங்குகிறார்கள்! அதைப் பார்க்க வந்தவன் எங்கள் வீட்டில் தங்கினான். ஓட்டலுக்குப் போகிறேன் என்றவனை என் மனைவி விடவில்லை. நானும் விடவில்லை. சகலை ஊருக்கு வந்து ஓட்டலில் தங்கினான் என்று அந்தக் குழுவில் செய்தி போனால் நான் தீர்ந்தேன். பேரீச்சம்பழம், அத்தர், மகளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி என்று கொண்டுவந்திருந்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். தலையில் முடி அப்படியே இருந்தது. அத்தனை வெயிலில் நின்றும் அவனுக்கு உதிரவில்லை.

சனிக்கிழமை பண்ணைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் ஓட்டினேன், மகள் பின்னால் உட்கார்ந்தாள். ஃபிரிஸ்கோவில் காலையில் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் போய்ச் சேர முடியும். எனக்கு அந்த ஃப்ரீவே அத்துப்படி. வந்த புதிதில் மிட்லண்ட் பக்கம் ரிக் ரிக்காக அலைந்தவன் நான். இந்த ஊர் என் ஊர், இங்கே நான்தான் வழிகாட்டி என்ற தைரியத்தில் அவனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். பாதித் தூரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வந்தன. "டெக்சாஸ்ல இவ்வளவா!" என்று அவன் வியந்தான். ஏதோ நானே நட்டு வைத்தவன் மாதிரி, "பின்ன?" என்றேன்.

பண்ணைக்கு வெளியே வேலிக்கு இந்தப் பக்கம் எண்ணெய் இறைக்கும் பம்புகள் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் பேனல்கள். வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் குறை தேட ஆரம்பித்தேன்.

"இங்க ஆலங்கட்டி விழும் தம்பி. எலுமிச்சம்பழம் சைஸ்ல. ஒரு மழைக்கு அவ்வளவும் நொறுங்கிரும்."

"எச்சரிக்கை வந்த உடனே பேனலைச் செங்குத்தா நிறுத்திருவோம் காக்கா. பெருசா அடிபடாது."

"ராத்திரி?"

"பேட்டரி போட்டிருக்காங்க. அந்தா கன்டெய்னர் மாதிரி நிக்கிதுல்ல."

"இங்க தரை கல்லு மாதிரி. சுண்ணாம்புப் பாறை. தூண் இறக்குறதுக்குள்ள தாவு தீந்துரும்."

"ஆமா காக்கா, அதுலதான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம். உங்கள மாதிரி ஆளு ஒருத்தர் கூட இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவனிடம் எனக்கு ஆகாத குணம். கொஞ்சம் திமிராவது இருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருக்கும். என் மூஞ்சியில் ஈயாடவில்லை. மகள் அவன் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பேனலுக்கு அடியில் குனிந்து, அதைத் திருப்பும் மோட்டாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நான் பதம் பார்த்த கிணறுகளில் ஒன்றாவது இருந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். ஆபிலீன் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஹூஸ்டனுக்கு பதில் போட்டுட்டியாம்மா?"

"நாட் யெட், வாப்பா."

"ஏன்? எதுக்கு இன்னும் லேட் பண்றே?"

அவள் முன்னால் போன லாரியைத் தாண்டினாள். நான் பின் சீட்டுப் பக்கம் திரும்பினேன். அத்தனை நாள் வயிற்றில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "தம்பி, எம் பொண்ணு மனசைக் கலைச்சது நீங்கதான். மாப்பிள்ளைங்கிற பேரை எடுத்துக்கிட்டீங்க, சந்தோஷம். இவளை விட்டுருங்க," என்றேன்.

சகலைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பேர் என்ற இடத்தில் ஒரு முழி முழித்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அல்லா மேல ஆணையா, நான் இவளை ஹூஸ்டனுக்குப் போன்னுதான் சொன்னேன் காக்கா. சைட்ல வெயிலு ஜாஸ்தி, சொந்தபந்தம்னு நாங்க ரெண்டு பேருதான், வாப்பா பக்கத்துலயே இருந்துக்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அவள்ட்டயே கேளுங்க."

"ஹி டிட்," என்றாள் மகள், சாலையைப் பார்த்தபடியே.

"அப்ப யாரு உன்னைப் போகச் சொன்னது?"

அவள் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாகக் காரை நிறுத்தினாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், வழக்கம்போல. நீங்கள் சொல்கிற கதைகள் எல்லாமே அங்கே நடந்தவை வாப்பா என்றாள். புழுதிப் புயலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. சமையல்கார மலையாளியோடு சண்டை போட்டது. மழை பெய்ததும் முகாமே வெளியே வந்து நனைந்தது. சின்ன வயதில் தூங்கும்போதும் அதுதான், ரமலான் நோன்பு திறக்கும்போதும் அதுதான். "எவ்ரி சிங்கிள் ஸ்டோரி. டெக்சாஸ் பத்தி ஒரு ஸ்டோரிகூட நீங்க சொன்னதில்ல," என்றாள். ஒரு முழு வாக்கியம் தமிழில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு, என் கதைகளில் வருகிற அந்தக் குன்றுக்குப் பக்கத்து சைட்டில் வேலை இருக்கிறதா என்று சாச்சாவிடம் கேட்டது தான்தான் என்றும் சொன்னாள். அது இல்லாவிட்டால் இந்த வேலைக்கு விண்ணப்பித்தே இருக்க மாட்டாளாம்.

சகலை மெதுவாகக் கதவைத் திறந்து, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று அப்படியே சொல்கிறேன். முதலில் சந்தோஷம் வந்தது. ஜெயித்துவிட்டேன்! அவள் போவது அவனுக்காக இல்லை, எனக்காக. கடைக்குள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்து, "பாத்தியா?" என்று கத்த வேண்டும் போலிருந்தது. வீடு வந்து சேரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவி சமையலறையில் தனியாக என்னைக் கேட்டாள்.

மகள் ஹூஸ்டனுக்கு முடியாது என்று எழுதிவிட்டாள். "அங்க என் தங்கச்சியாவது இருக்கா. ஹூஸ்டன்ல யாரு இருக்கா?" என்று மனைவியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை. ஜெயித்தவன் எதற்குத் தடுக்க வேண்டும்?

பெட்டி கட்டும்போதுதான் வேறு மாதிரி ஆரம்பித்தது. நான் பெரிய அனுபவசாலியாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோடையில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு அதில் நிற்கிற தண்ணீரில்தான் நாங்கள் குளிப்போம் என்றேன். அவள் போனில் தன் குடியிருப்பைக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டியையே குளிரூட்டி வைத்திருக்கிறார்களாம். பேரீச்ச மரங்களுக்கு நடுவில் ஒரு நீச்சல்குளம். முன் வாசல், பின் வாசல் வைத்த வீடு. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கட்டிய குடியிருப்பு.

நான் அந்த நாட்டில் இருந்த காலம் முழுக்க என் அனுமதி அட்டையில் தனி ஆள் என்றுதான் இருந்தது. மனைவியை அழைத்துவர இரண்டு தடவை எழுதிப் போட்டேன். என் தரத்து வேலைக்குக் குடும்பம் கிடையாது என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை எழுதாமல் அமெரிக்காவுக்கு வழி தேடினேன். முன் வாசல் வைத்த வீடுகள் இருந்த தெரு வழியாக முகாம் பஸ் போகும். ஜன்னலோர இடத்துக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். வாசலில் சின்ன சைக்கிள் கிடக்கும், துணி காயும், எங்கிருந்தோ வெங்காயம் வதக்குகிற வாசனை வரும். அதைப் பார்த்துக்கொண்டே முகாமுக்குப் போய், ஆறு பேர் படுக்கிற அறையில் படுப்போம். இந்தக் கதையை மட்டும் நான் மகளிடம் சொன்னதே இல்லை.

"யூ அண்ட் உம்மா ஷுட் கம்," என்றாள் அவள், துணியை உருட்டி வைத்துக்கொண்டே. "ஐ ஹேவ் அ ஸ்பேர் ரூம், வாப்பா."

அவள் உம்மாவோடு அந்த மண்ணில் ஒரு அறை. அதைத்தான் நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். கேட்காமலே அது மகளுக்குக் கிடைத்து, என்னை அவள் விருந்தாளியாகக் கூப்பிடுகிறாள். இனி அந்தக் குன்றின் கதைகள் அவளுடையவை. ரமலானில் அவள் போனில் சொல்வாள், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சகலை மேல் பட்ட பொறாமை எவ்வளவோ தேவலை. அதைப் பேசிச் சிரிக்க ஆள் இருந்தது, சண்டை போட அவனும் இருந்தான். பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற தகப்பன் அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? பெட்டியின் ஜிப்பை மூட அவளுக்கு உதவி செய்தேன்.

டாலஸ் விமான நிலையத்தில் அவள் எங்கள் இருவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சோதனை வரிசையில் போய் நின்று, புது வேலைக்காக வாங்கிய கனமான பூட்ஸைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அந்தப் பக்கம் போனதும் திரும்பிக் கையாட்டினாள். கூட்டத்தில் அவள் மறைந்த பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"அழாதீங்க. ஆறு மாசத்துல லீவுக்கு வந்துருவா. புள்ளையைப் பிரிஞ்சா கஷ்டமாத்தான் இருக்கும்."

நான் அவளைத் திருத்தவில்லை. பிள்ளையைப் பிரிவதற்காக நான் அழவில்லை. அந்த விமானத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மனைவியும் நானும் சேர்ந்து போயிருக்க வேண்டும்.